'அன்னா'வை முதலில் வழியனுப்பியவர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1963ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள். லண்டனில் அபே ரோட்டில் இருக்கும் ஈஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில் லிவர்பூல் இளைஞர்கள் நால்வர் காலையில் நுழைந்தனர். இரவு வெளியே வரும்போது பத்துப் பாடல்களைப் பதிவு செய்து முடித்திருந்தனர். அன்று ஜான் லெனனுக்குக் கடுமையான சளி. தொண்டை கட்டியிருந்த நிலையில்தான் அவர் 'அன்னா' என்ற பாடலைப் பாடினார். மூன்று முறை பாடிப் பார்த்தார்கள். மூன்றாவது முறையே நிலைத்தது. அடுத்த மாதம் வெளிவந்த பீட்டல்ஸ் குழுவின் முதல் எல்பி இசைத்தட்டான 'பிளீஸ் பிளீஸ் மீ'யில் அது மூன்றாவது பாடலாக இடம் பெற்றது.

அந்த இசைத்தட்டை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். நம் வட்டாரத்திலும் அந்தக் காலத்து இளைஞர்கள் பலர் வானொலியில் அதைக் கேட்டிருப்பார்கள். இசைத்தட்டின் நடுவே பாடலின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'அலெக்சாண்டர்' என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த அலெக்சாண்டர் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

அவர்தான் ஆர்தர் அலெக்சாண்டர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர். பாடல் எழுதியவரும் அவரே, மெட்டமைத்தவரும் அவரே, முதலில் பாடியவரும் அவரே. இன்றைய உரை அவருடைய வாழ்க்கை வரலாறு அல்ல. அவருடைய இசைத்தட்டுகளை எப்படிக் கேட்பது, ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் பேச்சு. வாழ்க்கையும் இடையிடையே வந்துதான் தீரும். அதைத் தள்ளிவிட்டு அந்தக் குரலைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் ஒரு சிறு விளக்கம். 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயர் 1949ஆம் ஆண்டுதான் 'பில்போர்டு' இதழின் விற்பனைப் பட்டியலில் இடம் பிடித்தது. அதற்கு முன் கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளை 'இன இசைத்தட்டுகள்' என்று பொருள்படும் பெயரால் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெயர் மாறியது, ஒதுக்கல் உடனே மாறிவிடவில்லை. வெள்ளையருக்கு ஒரு பட்டியல், கறுப்பருக்கு ஒரு பட்டியல் என்பதே நடைமுறை. கிராமிய இசையான 'கன்ட்ரி' வெள்ளையருடையது. 'ரிதம் அண்ட் புளூஸ்' கறுப்பருடையது. வேலி இப்படித்தான் போடப்பட்டிருந்தது. ஆனால் வானொலி அலைக்கு வேலி தெரியாது. ஆர்தர் இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவர் குரலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

புகையிலைக் கிடங்கில் பிறந்த பாட்டு

ஆர்தர் 1940ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி பிறந்தார். ஊர் ஷெஃபீல்டு. டென்னசி ஆற்றங்கரையில் ஷெஃபீல்டு, ஃபுளோரன்ஸ், மசில் ஷோல்ஸ், டஸ்கம்பியா ஆகிய நான்கு சிற்றூர்களும் ஒன்றை ஒன்று ஒட்டியபடி இருக்கின்றன. தந்தை கிதார் வாசிப்பவர். மகன் வளர்ந்து ஒரு ஹோட்டலில் விருந்தினரின் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில் பாட்டு எழுதினார். 1960இல் 'ஜூன் அலெக்சாண்டர்' என்ற பெயரில் 'சாலி சூ பிரவுன்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. 'ஜூனியர்' என்பதன் சுருக்கமே அந்த 'ஜூன்'. இசைத்தட்டு விற்கவில்லை.

மறு ஆண்டு அவர் கையில் இன்னொரு பாட்டு இருந்தது. 'யூ பெட்டர் மூவ் ஆன்' என்பது அதன் பெயர். அதைப் பதிவு செய்தவர் ரிக் ஹால் என்ற வெள்ளையர். கூட்டாளிகளை விட்டுப் பிரிந்து வந்து, மசில் ஷோல்ஸில் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தார். 'ஃபேம்' என்ற நிறுவனப் பெயர் அவரிடம் இருந்தது, பணம் இல்லை. வாசித்தவர்கள் டேவிட் பிரிக்ஸ், நார்பர்ட் புட்னம், ஜெர்ரி கேரிகன், டெர்ரி தாம்ப்சன் முதலிய உள்ளூர் வெள்ளை இளைஞர்கள். முதல் மூவருக்கும் இருபது வயதுகூட நிரம்பவில்லை.

ஆண்டு 1961 என்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டு மே மாதம், பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்த சமவுரிமைப் போராளிகள் அதே அலபாமாவில் அனிஸ்டன் நகருக்கு வெளியிலும் பர்மிங்ஹாமிலும் கும்பலால் தாக்கப்பட்டார்கள். ஒரு பேருந்து தீக்கிரையானது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்த முடியாத மாநிலம் அது. அங்கே ஒரு கிடங்குக்குள் கறுப்பினப் பாடகர் ஒருவரும் வெள்ளை இளைஞர்கள் சிலரும் ஒரே பாட்டுக்காக மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் புரட்சி செய்வதாக நினைத்துக்கொள்ளவில்லை. பாட்டு சரியாக வர வேண்டும் என்பதே அவர்கள் கவலை.

அந்தப் பாட்டைக் கேட்பவரின் காதில் முதலில் விழுவது அதன் மென்மை. மேளம் அதிகம் இல்லை. லத்தீன் நடனத் தாளத்தின் சாயல் கொண்ட ஓர் அசைவு. கிதார் ஒதுங்கி நிற்கிறது. பின்னணிக் குரல்கள் அளவோடு வந்து போகின்றன. கதை எளிமையானது. ஒரு பெண்ணைக் காதலிக்கும் ஏழை இளைஞனிடம் பணக்காரன் ஒருவன் வந்து, அவளை விட்டுக் கொடுத்துவிடு என்கிறான். தன்னால் அவளுக்கு நல்ல உடைகளும் வைர மோதிரமும் வாங்கித் தர முடியும் என்பது அவன் வாதம். அதற்கு ஏழையின் பதில்தான் பாட்டு முழுவதும். அவன் கத்தவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் வேண்டாத விருந்தாளியிடம் பேசுவதுபோல், மரியாதை குறையாமல், நீ கிளம்பிவிடு என்கிறான். அவளை நேசிப்பதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான். முடிவுக்கு வரும்போதுதான் குரலில் ஒரு சிறு சூடு ஏறுகிறது. அந்தச் சூடு ஏறுவதற்கு முன்பு காட்டிய பொறுமையால்தான் அது கேட்பவரைச் சுடுகிறது. எடுத்த எடுப்பிலேயே இரைந்திருந்தால், அது ஆயிரம் பாட்டுகளில் ஒன்றாகப் போயிருக்கும்.

ரிக் ஹால் அந்த ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு நாஷ்வில் நகருக்குப் போனார். பலர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் டாட் நிறுவனம் வாங்கி வெளியிட்டது. 1962இல் அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 24ஆம் இடம் வரை ஏறியது. அதில் கிடைத்த வருமானத்தைக் கொண்டு ரிக் ஹால் அவலன் அவென்யூவில் புதிய கூடம் கட்டினார். அந்தக் கூடத்தில்தான் பின்னாளில் வில்சன் பிக்கெட், எட்டா ஜேம்ஸ், அரீதா ஃபிராங்ளின் முதலியோர் வந்து பாடினார்கள். மசில் ஷோல்ஸ் என்ற சிற்றூர் உலக இசை வரைபடத்தில் ஏறியது. அந்தக் கூடத்திற்கு அடிக்கல் எது என்று கேட்டால், ஒரு ஹோட்டல் பணியாளர் எழுதிய இரண்டரை நிமிடப் பாட்டு என்று சொல்வதில் மிகை இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டாட் நிறுவனம் எதற்குப் பெயர் போனது தெரியுமா? கறுப்பினப் பாடகர்களின் பாடல்களை வெள்ளைப் பாடகர்களைக் கொண்டு மறுபடி பாட வைத்து விற்பதற்கு. ஃபேட்ஸ் டோமினோ, லிட்டில் ரிச்சர்டு ஆகியோரின் பாடல்களை பேட் பூன் பாடி, அசலைவிட நகல் அதிகம் விற்ற காலம் 1950களின் நடுப்பகுதி. அப்படிப்பட்ட நிறுவனம்தான் ஆர்தரின் அசலை வெளியிட்டது. நகல்கள் வேறு திசையிலிருந்து, கடல் கடந்து வரவிருந்தன.

இரண்டு 'அன்னா'

பாட்டு விற்றதும் நிறுவனம் ஆர்தரை மசில் ஷோல்ஸிலிருந்து நாஷ்விலுக்கு அழைத்துக்கொண்டது. அங்கே தயாரிப்பாளர் நோயல் பால் மேற்பார்வையில் 1962இல் 'அன்னா' பதிவானது. ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 10ஆம் இடம்; பொதுப் பட்டியலில் 68ஆம் இடம். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிறிய 45 சுற்று இசைத்தட்டு லிவர்பூல் இளைஞர்களின் கையில் சிக்கியது. அவர்கள் அதை எவ்வளவு கூர்ந்து கேட்டார்கள் என்பதற்கு அவர்களுடைய பதிவே சாட்சி. ஆர்தரின் பதிவில் பியானோ வாசிக்கும் அந்தச் சிறு சுற்றை ஜார்ஜ் ஹாரிசன் அப்படியே கிதாரில் வாசிக்கிறார். தாள வாத்தியத்தின் போக்கும் அசலைப் பின்பற்றியே போகிறது. அந்தக் காலத்தில் தாங்கள் ஆர்தர் அலெக்சாண்டரைப் போல இருக்கவே விரும்பினோம் என்று பால் மெக்கார்ட்னி பிற்காலத்தில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இனி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

பாட்டின் கதை இது. அன்னா வந்து, என்னைப் போக விடு என்கிறாள். இன்னொருவன் அவளை அதிகம் நேசிக்கிறானாம். சரி, போ என்கிறான் இவன். போவதற்கு முன் என் அன்பு குறையவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள் என்கிறான். நடுவே ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் தேடித் தேடி ஏமாந்த கதையைச் சொல்கிறான். கடைசியில் மோதிரத்தைத் திருப்பிக் கொடு என்கிறான். அவ்வளவுதான்.

லெனனின் பதிவு சிறப்பானது. அதில் ஐயம் இல்லை. சளி பிடித்த தொண்டை பாட்டுக்கு உதவியே செய்தது. நடுப் பகுதியில் ஏமாந்த கதை வரும்போது அவர் குரல் கிழிகிறது. அவன் அழுகிறான் என்பது கேட்பவருக்குத் தெரிகிறது. இருபத்திரண்டு வயது இளைஞனின் நெஞ்சுக் குமுறல் அது. அன்னா கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும்வரை அவன் நம்பிக்கையை விடவில்லை என்றே தோன்றும்.

ஆர்தர் அழவில்லை. அதே நடுப் பகுதியில் அவர் குரல் சற்றே உயர்ந்து, உயர்ந்த வேகத்திலேயே இறங்கிவிடுகிறது. இது தனக்குப் புதிதல்ல என்று அறிந்தவனின் குரல். போ என்ற சொல்லை அவர் சொல்லும்போது அதில் கோபமும் இல்லை, தியாகி வேடமும் இல்லை. முடிவெடுத்தாகிவிட்டது, சொல்லாமல் இருந்தால் அவளுக்குச் சிரமம் என்பதால் சொல்கிறான். மோதிரம் கேட்கும் இடம்தான் உச்சம். லெனன் பாடும்போது அது அவளை நிறுத்தி வைக்க ஒரு கடைசிச் சாக்குபோல ஒலிக்கிறது. ஆர்தர் பாடும்போது கணக்கு முடிப்பதுபோல ஒலிக்கிறது. ஒரு மனிதன் தன் வீட்டு விளக்கைத் தானே அணைப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போன்ற அமைதி அதில் இருக்கிறது.

இங்கேதான் ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பீட்டல்ஸ் ரசிகர்களில் பலர் ஆர்தரின் பதிவைக் கேட்டுவிட்டு, "ஓ, இதிலிருந்துதான் எடுத்தார்களா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஏதோ அது ஒரு முன்வரைவு, செப்பமான படைப்பு பின்னர்தான் வந்தது என்பதுபோல. அசலைக் கேட்பவர் சத்தத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே இருப்பது அடக்கம். அந்த அடக்கத்தை நகல் எடுக்க லெனனாலேயே முடியவில்லை. அவர் அதற்கு முயலவும் இல்லை, தமக்குரிய வேறொன்றைச் செய்தார்.

ஒரே கதையின் மூன்று மூலைகள்

ஆர்தரின் டாட் காலத்துப் பாடல்களில் இன்னொன்று 'கோ ஹோம் கேர்ள்'. இதில் அவன் நேசிப்பது தன் நெருங்கிய நண்பனின் காதலியை. அவளும் இவனை விரும்புகிறாள். ஆனாலும் வீட்டுக்குப் போய்விடு என்று அவளைத் திருப்பி அனுப்புகிறான். நண்பனை நோகடிக்க மனம் இல்லை.

மூன்று பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். மூன்றிலும் இருவர் ஆண்கள், ஒருத்தி பெண். முதல் பாட்டில் அவன் விட்டுக் கொடுக்க மறுக்கிறான். இரண்டாவதில் விட்டுக் கொடுக்கிறான். மூன்றாவதில் இடையில் வந்தவனே அவன்தான், விலகிக்கொள்கிறான். ஒரே முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் நின்று பார்த்திருக்கிறார் ஆர்தர். அந்தக் காலத்து மெல்லிசைப் பாடல்களில் காதலன் எப்போதும் நல்லவன், போட்டியாளன் எப்போதும் கெட்டவன். ஆர்தரின் பாட்டில் கெட்டவன் என்று எவனும் இல்லை. எதிரில் நிற்பவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறார். இருபதுகளின் தொடக்கத்திலேயே இப்படி எழுத வந்திருக்கிறது.

சொற்களும் அப்படியே. பெரிய உவமைகள் இல்லை. அலங்காரம் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசும் சொற்கள். பாடும்போதும் ஒரு எழுத்தைப் பத்துச் சுரமாக இழுத்துக் காட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. தேவாலயத்தில் பாடிப் பழகிய கறுப்பினப் பாடகர்கள் பலருக்கு அந்த வழக்கம் இயல்பாக வரும், கேட்பவருக்கும் பிடிக்கும். ஆர்தர் 'கன்ட்ரி' பாடகர்களைப் போலக் கதையை நேராகச் சொல்கிறார். துயரம் மட்டும் புளூஸின் துயரம்.

எல்லாமே சிறந்தவை என்று சொல்லிவிட முடியாது. 'யூ பெட்டர் மூவ் ஆன்' பெயரிலேயே டாட் வெளியிட்ட எல்பியில் பிறர் பாடிப் புகழ் பெற்ற பாடல்களையும் அவரைப் பாட வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில, பாடியவருக்கே ஆர்வம் இல்லாமல் பாடியவை போல இருக்கின்றன. நாஷ்விலில் பதிவான சிலவற்றில் பின்னணிக் குழுவின் குரல்கள் தேவைக்கு மேல் இனிக்கின்றன. மசில் ஷோல்ஸ் இளைஞர்களோடு அவரை இன்னும் இரண்டு ஆண்டுகள் விட்டு வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ என்ற ஏக்கம் வரத்தான் செய்கிறது. விதிவிலக்கும் உண்டு. 'சோல்ஜர் ஆஃப் லவ்' அவர் எழுதியதல்ல. பஸ் கேசன், டோனி மூன் இருவரும் எழுதியது. காதலைப் போர்க்களமாக்கும் அந்தப் பாட்டை, ஆயுதத்தைக் கீழே போடு என்று கெஞ்சும் நிலையிலும் நிதானம் இழக்காமல் பாடியிருக்கிறார். பீட்டல்ஸ் அதையும் 1963இல் பிபிசி வானொலிக்காகப் பாடினார்கள். 1994இல்தான் அது முறையாக வெளிவந்தது.

மற்றவர்கள் பாடிய பட்டியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் 1964 ஜனவரியில் வெளியிட்ட சிறுதட்டில் 'யூ பெட்டர் மூவ் ஆன்' இடம் பெற்றது. 'எவ்ரிடே ஐ ஹேவ் டு கிரை' என்ற அவருடைய பாட்டை ஸ்டீவ் அலைமோ 1963இலும் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு அடுத்த ஆண்டிலும் பாடினார்கள். ரை கூடர் 1979இல் 'கோ ஹோம் கேர்ள்' பாடினார். விற்காமல் போன அந்த முதல் பாட்டு 'சாலி சூ பிரவுன்' 1988இல் பாப் டிலனின் இசைத்தட்டில் வந்தது. பீட்டல்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பாப் டிலன் ஆகிய மூன்று தரப்பினரும் தேடி எடுத்துப் பாடிய பாடலாசிரியர் என்ற பெருமை மிக அரிதானது.

பெருமை வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. எழுதியவருக்குரிய உரிமைத் தொகையில் அவர் கைக்கு வந்தது சொற்பம். அவரும் மேடையில் ஆடிப் பாடிக் கூட்டத்தைக் கவரும் பாடகர் அல்லர். கூச்ச சுபாவம் உள்ளவர். 1960களின் நடுவில் உடல்நலமும் குன்றியது. வேறு நிறுவனங்களில் பாடினார். 1972இல் வார்னர் நிறுவனம் அவர் பெயரிலேயே ஓர் எல்பி வெளியிட்டது. டென்னிஸ் லிண்டி எழுதிய 'பர்னிங் லவ்' அதில் இருக்கிறது. அதே ஆண்டு எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனார். 1975இல் தம் பழைய பாட்டான 'எவ்ரிடே ஐ ஹேவ் டு கிரை'யைத் தாமே பாடி 45ஆம் இடம் வரை வந்தார் ஆர்தர். அதன் பிறகு இசைத்தொழில் போதும் என்று ஒதுங்கிவிட்டார்.

பேருந்து ஓட்டுநர்

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லேண்டு நகரில் சமூக நல நிலையம் ஒன்றில் அவர் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். 1980கள் முழுவதும் அதுதான் வேலை. சமய நம்பிக்கையில் மனம் ஊன்றினார். தாம் யார் என்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அவர் ஓட்டிய பேருந்தின் வானொலியில் எப்போதாவது 'அன்னா' ஒலித்திருக்கக் கூடும். ஒலித்திருந்தாலும் அது லெனனின் குரலாகத்தான் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆர்தரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பேருந்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஐயோ பாவம், இவ்வளவு பெரிய கலைஞன் பேருந்து ஓட்டினானே என்று இரங்குகிறார்கள். பேருந்து ஓட்டுவது இழிவான வேலை அல்ல. அவர் அதை இழிவாக நினைத்ததாகவும் தெரியவில்லை. இழிவு எதிலாவது இருந்தால், எழுதியவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காத ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மேலும், இரக்கத்தோடு ஒரு பாட்டைக் கேட்பவர் பாட்டைக் கேட்பதில்லை. ஆர்தரின் இசைத்தட்டுகள் அவர் ஓட்டுநரானதால் நல்லவையாகிவிடவில்லை. ஓட்டுநராவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவை நல்லவையாகத்தான் இருந்தன.

அவரை மறக்காத சிலர் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஏஸ் நிறுவனம் 1980களில் அவருடைய பழைய பதிவுகளைத் திரட்டி மறுபதிப்புச் செய்தது. 1991இல் நியூயார்க்கில் 'பாட்டம் லைன்' என்ற சிறிய அரங்கில் பாட அழைத்தார்கள்; போனார். அதன் தொடர்ச்சியாக பென் வான் என்ற இசைக் கலைஞர் தயாரிப்பில் நாஷ்விலில் ஒரு புதிய இசைத்தட்டு உருவானது. பழைய நண்பர்களான டான் பென், ஸ்பூனர் ஓல்டம், டானி ஃபிரிட்ஸ் முதலியோர் கூடினார்கள். 'லோன்லி ஜஸ்ட் லைக் மீ' என்று பெயரிட்டு 1993இல் வெளியிட்டார்கள்.

இசைத்தொழிலில் திரும்பி வருபவர்களை நவீனமாக்கிக் காட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு ஓர் ஆசை உண்டு. மின்தாளம், புதுப் பாணி, பிரபலங்களோடு இரட்டைப் பாட்டு என்று என்னென்னவோ சேர்ப்பார்கள். இங்கே அது எதுவும் நடக்கவில்லை. சிறிய குழு, குறைந்த ஓசை. தொடக்கப் பாட்டு 'இஃப் இட்ஸ் ரியலி காட் டு பி திஸ் வே'. மறுபடியும் ஒருவர் போகிறார், ஒருவர் நிற்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் 'அன்னா'வில் நின்ற அதே மனிதன், இன்னும் கொஞ்சம் தளர்ந்த குரலில், இன்னும் கொஞ்சம் தெளிவாக. எவ்வளவு வலித்தாலும் சமாளித்துக்கொள்வேன் என்கிறான். குரல் அதை முழுவதும் நம்பவில்லை என்பதும் தெரிகிறது.

அதே இசைத்தட்டில் 'கோ ஹோம் கேர்ள்' பாட்டையும் மறுபடி பாடியிருக்கிறார். நேயர்கள் ஆர்தரை முதன்முதலாகக் கேட்கப் போவதாக இருந்தால், இந்த இரண்டு 'கோ ஹோம் கேர்ள்' பதிவுகளையும் தேடி எடுத்து ஒரே மாலையில் கேட்பது நல்லது. முதலாவதில் அவளை வீட்டுக்கு அனுப்பும் இளைஞனுக்கு அவசரம் இருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் அவள் நின்றால் மனம் மாறிவிடுவோமோ என்ற அச்சம். இரண்டாவதில் ஐம்பது வயதைக் கடந்தவர் அதே சொற்களைச் சொல்கிறார். அச்சம் போய்விட்டது. அவள் போய்விட்டாள் என்பது அவருக்கு முன்பே தெரியும். அவள் நினைவோடு பேசிக்கொண்டிருக்கிறார். பாட்டில் ஒரு சொல்கூட மாற வேண்டியிருக்கவில்லை.

அந்த இசைத்தட்டு வெளிவந்த சில மாதங்களிலேயே, மீண்டும் மேடை ஏறத் தொடங்கியிருந்த வேளையில், நாஷ்விலில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 1993 ஜூன் 9ஆம் தேதி, தமது 53ஆம் வயதில் அவர் காலமானார். மறு ஆண்டு பல பாடகர்கள் சேர்ந்து அவர் பாடல்களைப் பாடி ஓர் அஞ்சலித் தட்டு வெளியிட்டார்கள். 2000இல் ரிச்சர்டு யங்கர் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல் வந்தது. 2007இல் அந்தக் கடைசி இசைத்தட்டு மறுபதிப்பானபோது, ஹோட்டல் அறை ஒன்றில் அவர் பாடிப் பார்த்த பதிவுகளையும் சேர்த்திருந்தார்கள். பின்னணிக் குழு இல்லை, தாளம் இல்லை. இளமையில் ஹோட்டலில் பெட்டி தூக்கியவர், இன்னொரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, பக்கத்து அறைக்காரருக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறார்.